குக்கர் விசிலை எண்ணுவது யார்?

8 ஜூன் 2025, ஞாயிறு இரவு

வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே தருகிறேன்: "யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு எடுத்த 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஓய்வு, பொழுதுபோக்கு, டிவி, விளையாட்டு எல்லாம் சேர்த்து ஆணுக்கு ஒரு நாளைக்கு 177 நிமிடம், பெண்ணுக்கு 164 நிமிடம். வித்தியாசம் 13 நிமிடம். ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிடுகிற நேரம். இதற்கா வேலைக்குப் போகும் அம்மாக்கள் இவ்வளவு புலம்புகிறீர்கள்?"

எண்கள் சரிதான். ஆனால் அதே அறிக்கையில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் 289 நிமிடம், ஆண் 88 நிமிடம் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் 13ஐ மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

இன்னொன்று. அந்த 177, 164 இரண்டும் 6 வயது முதல் எல்லா வயதினரையும் சேர்த்துப் போட்ட சராசரி. ஆறாவது படிக்கும் பையன், பென்ஷன் வாங்கும் தாத்தா, கல்லூரிப் பெண் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் அன்றைக்கு வேலை, தொழில் என்று எதிலாவது ஈடுபட்டவர்கள் நூற்றுக்கு 25 பேர். ஒரு கையில் ஆபீஸ் பையும் மறுகையில் டிபன் டப்பாவுமாக ஓடும் என் ஜாதி அந்த 164க்குள் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னைப் பற்றி: கோவை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மகள் நான்காவது, மகன் யூகேஜி. கணவர் பம்பு கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ். அத்தை எங்களோடு இருக்கிறார். சண்டை போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் போட்டு எழுதிப் பார்க்கப் போகிறேன், ஒரு வாரம். அவரும் எழுதச் சம்மதித்திருக்கிறார் ("எதுக்கு?" என்று மூன்று தடவை கேட்ட பிறகு).

9 ஜூன்

நேற்றுக் கோபத்தில் எழுதியதில் ஒரு திருத்தம். கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இப்படி எழுதியது அவமானம்தான்.

289, 88 என்பவை அன்றைக்கு அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி. செய்யாதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். 2019 கணக்கெடுப்பை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அந்த வருடம் வீட்டு வேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 81.2 பேர், ஆளுக்கு 299 நிமிடம். செய்த ஆண்கள் நூற்றுக்கு 26.1 பேர், ஆளுக்கு 97 நிமிடம். செய்யாதவர்களையும் சேர்த்து வகுத்தால் பெண்ணுக்கு சுமார் 243, ஆணுக்கு சுமார் 25.

ஆக மூன்று மடங்கு என்று நான் நினைத்தது பத்து மடங்குக்குக் கிட்டே போய்விட்டது. திருத்தம் எனக்குச் சாதகமாக வந்ததால் சந்தோஷமாகவே செய்கிறேன்.

10 ஜூன், இரவு 11 மணி

நோட்டு முதல் நாள் (நேற்று, திங்கள்). கணக்கெடுப்புக்காரர்கள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை அரைமணிக் கட்டமாகப் பிரிக்கிறார்கள். நானும் அப்படியே கட்டம் போட்டேன். கூடுதலாக ஒரு பத்தி: "கூடவே என்ன செய்தாய்?"

அந்தப் பத்தியில்தான் வம்பு. இரவு 8 முதல் 8.30 வரை டிவி பார்த்தேன். கூடவே: சின்ன வெங்காயம் உரித்தல், மகனின் சட்டைக்குப் பட்டன், மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்டல், அடுப்பில் கொண்டைக்கடலை (ஆறு விசில்). இப்போது சொல்லுங்கள், இந்த அரைமணியை எந்தத் தலைப்பில் எழுதுவது? டிவி ஓடியது, நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அது நிஜம். சீரியலில் அவள் யாரை அறைந்தாள் என்று கேட்டால் தெரியாது. நாலாவது விசில் எப்போது வந்தது என்று கேட்டால் தெரியும்.

ஓய்வு என்றே எழுதிக்கொண்டேன். நேர்மையாக இருப்போம் என்று பார்த்தேன்.

11 ஜூன்

மாட்டிக்கொண்டேன். திங்கள் கணக்கைக் கூட்டினால் எனக்கு ஓய்வு 125 நிமிடம், அவருக்கு 90. வாசகரே, வயிறு குலுங்கச் சிரியுங்கள். இன்று ஜிஎஸ்டி முதல் ரிட்டர்னுக்குக் கடைசி நாள், உங்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

14 ஜூன், சனி

மூன்று நாள் யோசித்தேன். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, துண்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன்.

அவருடைய 90 நிமிடம் ஒரே துண்டு. இரவு 9 முதல் 10.30, காதில் ஹெட்போன், போனில் கிரிக்கெட் ஹைலைட்ஸ். வீட்டில் இடி விழுந்தாலும் தெரியாது.

என்னுடைய 125 நிமிடம் 11 துண்டு. மிகப் பெரியது 22 நிமிடம், அதுவும் வெங்காயத்தோடு (அடுப்பை அணைக்க எழுந்ததில் அந்த டிவி அரைமணியும் உடைந்துவிட்டது). காலையில் ஸ்கூல் வேனுக்காகத் தெருமுனையில் நின்று போன் பார்த்தது 6 நிமிடம். ஆபீஸ் டீ 10. ராத்திரி மகனைத் தூங்க வைக்கப் பக்கத்தில் படுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் படித்தது 17. அவன் கால் என் வயிற்றின் மேல். புரண்டால் விழித்துவிடுவான், அதனால் கை மரத்துப் போயும் அசையவில்லை. இதுவும் ஓய்வுதான் என்று நோட்டு சொல்கிறது.

கணக்கெடுப்பில் ஓர் அரைமணிக்குள் 10 நிமிடமாவது செய்த காரியத்தைத்தான் எழுதுவார்கள், அதிகபட்சம் மூன்று. என் 6 நிமிடங்கள் அங்கே உதிர்ந்துவிடும். நான் ஓய்வெடுத்த 6 நிமிடமும் உதிரும், நடுவில் எழுந்து போய் அடுப்பை அணைத்த 2 நிமிடமும் உதிரும்.

இது எனக்கு மட்டும் தோன்றியது என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பிட்மேன், ஜூடி வாஜ்க்மன் இருவரும் 2000லேயே பல நாட்டு நேரக் கணக்குகளை வைத்து இதைச் சொல்லிவிட்டார்கள். மொத்த ஓய்வு நேரத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இடையூறில்லாத, வேறு வேலை கலக்காத ஓய்வு ஆணுக்குத்தான் அதிகம் என்று. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது கிடைக்கும் ஓய்வு பெண்ணுக்கு அதிகம். இருபத்தைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்தான், நான் இன்றைக்குத்தான் வெங்காயக் கையோடு கண்டுபிடித்தேன்.

15 ஜூன், ஞாயிறு

இன்று தந்தையர் தினமாம். மகள் அப்பாவுக்கு வாழ்த்து அட்டை கொடுத்தாள். கலர் பேப்பர் வாங்கியது, சனிக்கிழமை ராத்திரி ஃபெவிகால் தேடியது, மீசை வெட்டித் தந்தது எல்லாம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் "பிள்ளை வளர்ப்பு, 50 நிமிடம்" என்று எழுதினேன். அவர் நோட்டில்: "பிள்ளைகளோடு மகிழ்ச்சியாக இருந்தேன், 20 நிமிடம்."

அட்டை நன்றாக வந்திருந்தது. மீசை கொஞ்சம் பெரிசு.

17 ஜூன்

இதுவரை எழுதியதை அவர் படித்துவிட்டார். கோபமில்லை, ஆனால் இரண்டு விஷயம் சொன்னார், இரண்டையும் இங்கே போடச் சொன்னார்.

முதலாவது, அந்த 90 நிமிடத்துக்கு முன்னால் பதினொன்றரை மணி நேரம் வெளியே இருந்ததை எழுதவில்லையாம். காலை 8.15க்கு வண்டியை எடுத்தால் இரவு 7.45. வார்ப்படம் வரவில்லை, லாரி எங்கே என்று நாள் முழுக்கப் போன். வீட்டுக் கடன் தவணை மாதம் 5ஆம் தேதி. "எனக்கும் மூச்சு முட்டுது, நான் எண்ணிக் காட்டறதில்ல, அவ்வளவுதான்." சரி. இது நியாயம். கணக்கெடுப்பும் இதைத்தான் சொல்கிறது, சம்பள வேலை நேரத்தில் ஆண்களுக்குத்தான் அதிகம். நேர நெருக்கடி என்பது பெண்ணுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து இல்லை.

இரண்டாவது, எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம்: "நான் மாட்டேன்னா சொன்னேன்? சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே."

"சொல்றதே ஒரு வேலைங்க" என்றேன்.

கம்பெனியில் எந்தச் சரக்கு எந்த வாரம் தீரும் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. அவராகவே பார்த்து, தீருவதற்குப் பத்து நாள் முன்னால் ஆர்டர் போடுகிறார். அதற்குத்தான் சம்பளம். வீட்டில் துவரம்பருப்பு தீருவது மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கு அங்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு" என்றார்.

18 ஜூன்

என் மேலும் ஒரு புகார் இருக்கிறது, நானே எழுதிவிடுகிறேன். அவர் கழுவிய குக்கரை நான் மறுபடி கழுவுவேன். மூடியில் ரப்பர் வளையத்தைக் கழற்றாமல் கழுவுகிறார், அதற்குள் பருப்பு ஒட்டியிருக்கும். ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லாமல், அவர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகக் கழுவினேன். அடுத்த நாளிலிருந்து அவர் குக்கரைத் தொடுவதில்லை. இதில் யார் யாரை ஜெயித்தது என்று தெரியவில்லை. வேலை என்னவோ என்னிடம் வந்துவிட்டது.

20 ஜூன்

ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஓய்வு: நில் (Nil).

22 ஜூன், ஞாயிறு

விடியற்காலை மூன்றே முக்காலுக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குத் தினமும் வராது, வரும் அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் உண்டு. குழாயில் முதலில் காற்று வரும், உஸ்ஸென்று ஒரு சத்தம். தூக்கத்தில் அந்தச் சத்தம் இரண்டு பேருக்குத்தான் கேட்கும், எனக்கும் அத்தைக்கும். தொட்டியை நிரப்பும்போது மணி 4 தாண்டிவிட்டது. நோட்டுக் கணக்கில் ஒரே குடம் தண்ணீர் பாதி சனிக்கிழமை, பாதி ஞாயிற்றுக்கிழமை.

தண்ணீர் பிடித்துக்கொண்டே அத்தையிடம் இந்த நோட்டுக் கதையைச் சொன்னேன். என் கணக்கில் அவரை எங்குமே எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸில் உட்கார்ந்திருக்க முடிவதே, மூன்றரை மணிக்கு வேனிலிருந்து பேரனைத் தூக்கி இறக்க 66 வயதில் அவர் தெருமுனையில் நிற்பதால்தான். மதியத் தூக்கம் போய் மூன்று வருடமாகிறது. மூன்று மணிக்கு அலாரம் வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது.

"உங்க காலத்துல எப்படி அத்தை, நேரம் இருந்துச்சா?"

"இட்லிக்கு ஆட்டறதுக்கே ஒரு மணி நேரம் ஆகும் கண்ணு. தோள்பட்டை கழண்டுரும்."

"பக்கத்து வீட்டு அக்காவோட பேசிட்டே ஆட்டுவீங்கன்னு அவர் சொல்வாரே."

"பேசாம ஆட்டுனா வலி தெரியுமில்ல."

இந்த ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களின் தோளை மீட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். தோளை மீட்டது, சரி. அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது? அரிசியைப் போட்டுவிட்டு ஓடும்போதே வாஷிங் மெஷினில் துணி, அடுப்பில் குழம்பு. மூன்று மெஷின் ஓடுகிறது, மூன்றுக்கும் காது கொடுத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள்.

ஆட்டுக்கல் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தையிடம் அப்படிச் சொன்னால் குழவியைத் தூக்கிப் போடுவார்.

23 ஜூன்

எங்கள் ஆபீஸைக் கூட்டித் துடைக்க வரும் அக்காவிடம் இன்று கேட்டேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள், அரசுப் பள்ளி, மூன்றாவதும் ஐந்தாவதும். "ஸ்கூல்லயே காலைல டிபன் போட ஆரம்பிச்ச பிறகுதான் நான் உக்காந்து டீ குடிக்கறேன்" என்றார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. பிள்ளைகளின் பசிக்காக வந்த திட்டம். அது ஓர் அம்மாவின் காலை ஏழு மணியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நாங்கள் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் வீட்டில் ஏழு மணிக்கு இரண்டு டப்பா டிபன், இரண்டு டப்பா மதியச் சோறு, ஒரு ஸ்நாக்ஸ். ஸ்நாக்ஸ் "ஹெல்தி"யாக இருக்க வேண்டுமாம், சுற்றறிக்கை வந்திருக்கிறது.

25 ஜூன்

"அப்படியானால் ஒரு நாள் ஸ்டிரைக் பண்ணுங்களேன்" என்று அதே வாசகர். பண்ணியிருக்கிறார்கள் ஐயா. ஐஸ்லாந்தில் 24 அக்டோபர் 1975 அன்று பத்தில் ஒன்பது பெண்கள் ஆபீஸ், அடுப்பு, பிள்ளை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சீக்கிரம் சமைக்கலாம் என்று எல்லோரும் சாசேஜ் வாங்கியதில் கடைகளில் அது தீர்ந்துபோனதாம். அடுத்த வருடமே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது.

கோவையில் பண்ணினால் பரோட்டாக் கடையில் வரிசை நிற்கும். அத்தனை சால்னாவுக்கும் வெங்காயம் உரிப்பது யார் என்பது அடுத்த கேள்வி.

26 ஜூன்

அவர் நேற்று ராத்திரி, "ஸ்கூல் மெசேஜெல்லாம் இனிமே நான் பார்த்துக்கறேன், என்னை குரூப்ல சேர்த்துவிடு" என்றார். மனசு குளிர்ந்துபோய் குரூப் அட்மின் அம்மாவுக்கு எழுதினேன். "இது மம்மீஸ் குரூப்ங்க. டாடீஸ்க்குத் தனியா இருக்கே" என்று பதில். அவர் ஏற்கெனவே அதில் இருக்கிறார், அவருக்கே மறந்துபோயிருந்தது. கடைசி மெசேஜ் ஏப்ரல் 14: புத்தாண்டு வாழ்த்துகள். அதற்குக் கீழே பதினெட்டு கைகூப்பு.

ஒரு ஸ்கூலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள், பெண்ணுக்கு உண்டு. ஆணுக்கு உண்டா? தனி ஆளாகப் பிள்ளை வளர்த்தால் உண்டு. மனைவியோடு இருக்கும் அப்பாவுக்குப் பிரசவ சமயத்தில் 15 நாள், அதோடு சரி. விதி எழுதியவரும் மம்மீஸ் குரூப் அட்மினும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள்.

இப்போதைக்கு ஏற்பாடு: மெசேஜ் எனக்கு வரும், நான் அவருக்கு ஃபார்வர்ட் பண்ணுவேன், அவர் செய்வார். இன்று முதல் தடவை. "பாத்தாச்சா?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன். ஃபார்வர்ட் பண்ணுவது, கேட்பது, இரண்டுக்கும் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

29 ஜூன், ஞாயிறு

சோதனை. காலை 10 முதல் 12 வரை அடுப்பும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. அத்தைக்கும் விடுமுறை, கோயிலுக்குப் போய்விட்டார். ஒரே நிபந்தனை: நான் எதுவும் சொல்லக் கூடாது, அவர் எதுவும் கேட்கக் கூடாது. ரப்பர் வளையத்தைக் கழற்றுவது எப்படி என்று மட்டும் முந்தின நாள் காட்டிக் கொடுத்தேன்.

நாற்காலியையும் ஒரு வாரப் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஆனி மாதக் காற்று, கொடியில் துணி படபடவென்று அடிக்கிறது. முதல் அரைமணி படிக்கவே முடியவில்லை. கீழே மகன் அழுகிற மாதிரி இருந்தது. இறங்கப் போனேன், நிபந்தனை ஞாபகம் வந்தது, உட்கார்ந்தேன். அழுகை நின்றுவிட்டது. நான் இறங்காமலே நின்றது கொஞ்சம் உறுத்தியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு ஒரு சிறுகதை முழுசாகப் படித்தேன். நடுவில் எழுந்திருக்காமல். எத்தனை வருடம் கழித்து என்று எண்ணவில்லை.

பதினொன்றே காலுக்குக் குக்கர் விசில். ஒன்று. இரண்டு. பாசிப்பருப்புதான் வைக்கிறார் என்று தெரியும், மூன்றோடு நிறுத்த வேண்டும். மூன்று. பத்திரிகையை மடியில் கவிழ்த்துவிட்டேன். நான்கு. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவதுக்கு எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து எட்டிப் பார்த்தால், எங்கள் சமையலறை ஜன்னலில் அவர், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறார்.

விசில் எதிர்வீட்டுக் குக்கர். எங்கள் வீட்டில் அடுப்பே இன்னும் பற்ற வைக்கவில்லை.

"ஆறு," என்றார் மேலே பார்த்து. "அவங்க என்ன வெக்கறாங்க, கடலையா?"